தொழிற்சாலை போட்ட வேலி

2025 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பலிசேட்ஸ் மலைச்சாரல் எரிந்துகொண்டிருந்த வேளையில், கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வாடகைக்கு வந்திருந்த தீயணைப்பு விமானமொன்றின் இடது சிறகில் கையளவு ஓட்டை விழுந்தது. கடலில் இருந்து ஒரே மூச்சில் ஏறத்தாழ 6,000 லீற்றர் நீரை அள்ளிக்கொண்டு போய்த் தீயின் மீது கொட்டும் 'சூப்பர் ஸ்கூப்பர்' என்ற வகையைச் சேர்ந்த விமானம் அது. அத்தகைய விமானங்கள் அந்த மாவட்டத்திடம் அப்போது இரண்டே இரண்டுதான் இருந்தன. அதில் ஒன்று, ஊர் எரியும்போது, பழுதுபார்ப்பதற்காகச் சில நாட்கள் தரையில் நிற்க வேண்டியதாயிற்று.

சிறகைத் துளைத்தது துப்பாக்கிக் குண்டல்ல. உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு ட்ரோன். சான்ரா மொனிக்காவில் வாகனத் தரிப்பிடக் கட்டடமொன்றின் மேல்மாடியில் நின்றுகொண்டு, தீயினால் ஏற்பட்ட அழிவைப் பார்க்கவேண்டும் என்ற ஆவலில் ஒருவர் அதை ஏவியிருக்கிறார். அது 2,500 மீற்றருக்கு மேல் போனது, அவரது கண்ணுக்கு மறைந்தது, பின்னர் திரும்பவில்லை. தீப்பற்றிய பிரதேசத்துக்கு மேலே பறப்பதற்கு அரசாங்கம் ஏற்கெனவே தற்காலிகத் தடை விதித்திருந்தது. பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 65,000 டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்தவும் 150 மணிநேரம் சமூக சேவை செய்யவும் இணங்கினார்.

இதற்குச் சரியாக நான்கு நாட்களுக்குப் பின்னர், ஜனவரி 13 ஆம் திகதி, உலகின் மிகப் பெரிய ட்ரோன் தயாரிப்பு நிறுவனமான சீனாவின் டீ.ஜே.ஐ, அமெரிக்காவில் விற்பனையான தனது ட்ரோன்களில் இருந்த 'பறக்கத் தடையான வலயங்கள்' என்ற பூட்டை அகற்றிவிடுவதாக அறிவித்தது. அதுவரை விமான நிலையத்துக்கு அருகில் எழும்ப மறுத்த கருவி, இனி எச்சரிக்கை ஒன்றை மட்டும் திரையில் காட்டும். பாவிப்பவர் அதனைத் தள்ளிவிட்டுப் பறக்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பிரித்தானியாவிலும் இதே மாற்றத்தை அந்த நிறுவனம் 2024 ஜனவரியிலேயே செய்திருந்தது. எனினும் தீயணைப்பு விமானத்தின் செய்தி பத்திரிகைகளின் முதற் பக்கத்தில் இருந்த அதே வாரத்தில் இதை அறிவிப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

வேலி நல்லதா கெட்டதா என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல எனக்கு இயலவில்லை. அதன் கதையைச் சற்று முன்னிருந்து பார்க்கவேண்டும்.

டீ.ஜே.ஐ நிறுவனம் 2006 இல் ஷென்ஷென் நகரத்தில் தொடங்கப்பட்டது. 2013 இல் அது வெளியிட்ட 'பான்ரம்' என்ற வெள்ளை நிற ட்ரோனுடன்தான், அதுவரை மாதிரி விமானக் கழகங்களில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களுக்கு மட்டும் கைவந்திருந்த ஒரு கலை, பெட்டியைப் பிரித்த எவருக்கும் அரைமணி நேரத்தில் கைகூடியது. பழைய கழகங்களில் ஒரு இளைஞன் முதல் விமானத்தை ஏவுவதற்கு முன்னர் மூத்தவர்கள் அவனருகில் நின்றார்கள். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பது அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வந்த அறிவு. பெட்டியில் வந்த ட்ரோனோடு அந்த மூத்தவர்கள் வரவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் நிறுவனம் மென்பொருளால் நிரப்ப முயன்றது.

2014 இல் விமான நிலைய வேலி வந்தது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி ஒன்றரை மைல் தூரத்துக்குள் மோட்டார் இயங்காது; அதிலிருந்து ஐந்து மைல் வரை, தூரம் கூடக்கூடப் பறக்கும் உயரம் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொடுக்கப்படும். கருவி தான் நிற்கும் இடத்தை ஜீ.பி.எஸ் மூலம் அறிந்து, தன்னுள்ளே இருக்கும் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். அவ்வளவுதான் தத்துவம். வெளியில் இருந்து எல்லைக்கு வந்தால், கண்ணாடிச் சுவரில் முட்டிய பறவைபோல அந்தரத்தில் நிற்கும்.

அடுத்த ஆண்டு ஜனவரி 26 அதிகாலையில் வோஷிங்டனில் வெள்ளை மாளிகையின் புற்றரையில் ஒரு பான்ரம் விழுந்தது. ஏவியவர் தேசிய புவிசார் புலனாய்வு முகவரகத்தின் ஊழியர். கடமை நேரத்தில் அல்ல, குடித்துவிட்டுப் பொழுதுபோக்காக ஏவியிருக்கிறார். உலகத்தின் வரைபடங்களை ஆராய்வதே தொழிலான ஒரு நிறுவனத்தின் ஊழியருக்குத் தான் எதற்கு மேலே பறக்கிறேன் என்பது தெரியாமற் போனதை என்னவென்பது! சில நாட்களுக்குள் டீ.ஜே.ஐ தனது மென்பொருளைப் புதுப்பித்து, வோஷிங்டன் நகர மையத்தைச் சுற்றி 25 கிலோமீற்றர் ஆரையில் பறக்க முடியாதவாறு செய்தது. அந்த வான்பரப்பில் பறப்பதைச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்திருந்தது என்பது உண்மை. ஆனால் விற்கப்பட்டுவிட்ட, பிறருக்குச் சொந்தமான பொருட்களுக்குள் புகுந்து அவற்றை எழும்பவிடாமல் செய்யும்படி எந்த நீதிமன்றமும் அந்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டிருக்கவில்லை.

அங்கேதான் என் போன்ற பத்திரிகைக்காரருக்கு முதல் நெருடல் ஏற்படுகிறது. ஆரம்பகாலப் பட்டியல்களில் விமான நிலையங்களுடன் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கமும் இடம்பெற்றிருந்தது. 2017 இல், இஸ்லாமிய அரசு இயக்கம் கடைகளில் வாங்கிய ட்ரோன்களிற் குண்டுகளைக் கட்டி வீசத் தொடங்கியதும், ஈராக்கினதும் சிரியாவினதும் பெரும் பகுதிகள் ஓசையின்றி வரைபடத்தில் சிவப்பாயின. அதற்காக மோசுல் போர்க்களத்தில் ட்ரோன்கள் இல்லாமற் போய்விடவில்லை. பூட்டை உடைக்கத் தெரிந்தவன் உடைத்தான். அழிந்த தெருக்களைப் படம்பிடிக்கப் போன செய்தியாளனுக்கும், இடிபாடுகளில் ஆட்களைத் தேடியவனுக்கும்தான் பூட்டு பூட்டாக இருந்தது.

1998 இலும், மீண்டும் 2000 இலும் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்த காலத்தில் இலங்கையில் பத்திரிகைத் தொழில் செய்தவர்களுக்கு இந்த உணர்ச்சியை விளக்கத் தேவையில்லை. பக்கங்களை அனுப்பிவிட்டு, எது வெட்டப்பட்டு வரும் என்று காத்திருந்த இரவுகள் எத்தனை! ஆனால் அன்றைய தணிக்கையாளருக்கு ஒரு பதவி இருந்தது. வர்த்தமானி அறிவித்தல் ஒன்று இருந்தது. வழக்குப் போடுவதற்கு ஒரு நீதிமன்றமும் இருந்தது. தொழிற்சாலைத் தணிக்கையாளரிடம் முறையிடுவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே இருந்தது. 2016 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாட்டின்படி சில வலயங்களைத் தாமாகவே திறந்துகொள்ளலாம் என்றார்கள். அதற்குக் கடனட்டையையோ கைத்தொலைபேசி இலக்கத்தையோ கொடுத்துத் தன்னை அடையாளப்படுத்த வேண்டும். கடுமையான வலயங்களுக்கு ஆவணங்களுடன் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வெள்ளத்திலும் தீயிலும் மீட்புப் பணிக்குப் போனவர்கள் இந்தக் காத்திருப்பைக் குறித்து முறையிட்டதில் நியாயம் இருந்தது.

இவ்வளவையும் சொன்ன பின்னர் வேலியின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதற்கு என்னோடு பணியாற்றிய இளம் புகைப்படப்பிடிப்பாளர் ஒருவரின் அனுபவம் உதவும்.

வார இறுதிகளில் அவர் திருமண வீடுகளுக்குப் படமெடுக்கப் போவார். 2018 அளவில் இரத்மலானையில் ஒரு திருமணம். மாப்பிள்ளை அழைப்பை மேலிருந்து படம்பிடிக்கவேண்டும் என்பது பெண்ணின் தகப்பனாரின் விருப்பம். மண்டபத்து வாசலில் ட்ரோனை வைத்து இவர் என்ன செய்தும் மோட்டார் சுழலவில்லை. திரையில் ஒரு சிவப்பு வட்டம். தகப்பனார் பக்கத்தில் வந்து, "தம்பி, காசு கொஞ்சம் கூடத் தரவேணுமோ?" என்று இரகசியமாகக் கேட்டாராம். கருவி பழுதாகிவிட்டதென்றே இவரும் நினைத்தார். பத்து நிமிடம் கழிந்திருக்கும், மண்டபத்துக் கூரையை உரசுவதுபோல ஒரு சிறிய பயிற்சி விமானம் தாழப் பறந்து ஓடுபாதையை நோக்கி இறங்கியது. அப்போதுதான் இவருக்குச் சிவப்பு வட்டத்தின் பொருள் விளங்கியது. விமானப் பயிற்சிப் பாடசாலைகள் இயங்கும் இரத்மலானையில் அது அன்றாடம் காணும் காட்சி. கொழும்பில் எத்தனையோ வருடம் வாழ்ந்தும், அந்த மண்டபம் இறங்கு பாதைக்குக் கீழே இருக்கிறது என்று இவர் ஒருநாளும் சிந்தித்ததில்லை.

இங்கே வேலி தணிக்கையாளர் அல்ல. எங்கள் அலுவலகங்களில் முன்னர் இருந்த ஒப்புநோக்காளர். ஒப்புநோக்காளர் எழுதியவனின் கருத்தில் தலையிடுவதில்லை. 'இந்தத் திகதி சரிதானா?' என்று மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வைப்பார். அந்த வட்டம் எத்தனை செய்தியாளர்களின் மானத்தைக் காத்திருக்கிறது என்பதை அச்சகத்து மேசைகள்தான் அறியும். ட்ரோன் வேலி ஒரே நேரத்தில் தணிக்கையாளராகவும் ஒப்புநோக்காளராகவும் இருந்தது என்பதுதான் அதன் சிக்கல். டீ.ஜே.ஐ நிறுவனம் தணிக்கையாளரை வீட்டுக்கு அனுப்பியதில் எனக்குக் குறையில்லை. கூடவே ஒப்புநோக்காளரையும் அனுப்பிவிட்டது.

ஒப்புநோக்காளர் இருக்கிறார் என்ற தைரியத்தில் கவலையீனமாக எழுதுகிறவர்களும் உண்டு. வேலியும் அந்தத் தீமையைச் செய்தது. 2017 செப்டெம்பர் 21 ஆம் திகதி மாலை, நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவுக்குக் கிழக்கே, ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்தையொட்டித் தற்காலிகப் பறப்புத் தடை நடைமுறையில் இருந்த வேளையில், இராணுவத்தின் 'பிளக் ஹோக்' ஹெலிகொப்டர் ஒன்றுடன் ஒரு பான்ரம் 4 மோதியது. சுழலி அலகில் பள்ளம் விழுந்தபோதிலும் ஹெலிகொப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. ட்ரோனின் மோட்டார் ஒன்று ஹெலிகொப்டரில் சிக்கியிருந்தது. அதிலிருந்த இலக்கத்தைக் கொண்டே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அதன் உரிமையாளரைக் கண்டுபிடித்தது. அதிகாரிகள் தொடர்புகொள்ளும் வரை அவருக்கு மோதல் நடந்ததே தெரியாது. ட்ரோன் இரண்டரை மைல் தொலைவில் இருந்தது. அது திரும்பி வராததால் கடலில் விழுந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பறக்கக்கூடாத இடமென்றால் செயலி சொல்லும் என்பது அவரது நம்பிக்கை. செயலியில் தற்காலிகத் தடைகளைக் காட்டும் பகுதியோ அந்த வேளையில் இயங்கவில்லை.

கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கும் என் தம்பியின் மகனும் ஒரு சிறிய ட்ரோன் வாங்கியிருக்கிறான். தொலைபேசியில் பேசியபோது, எங்கே பறக்கவிடுகிறாய் என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் பின்னாலதான் பெரியப்பா. பறக்கக் கூடாத இடமெண்டால் அதுவே எழும்பாதுதானே?"

அந்த ஒரு வசனத்தில் நியூயோர்க் மனிதரின் முழு நம்பிக்கையும் இருந்தது. அவன் இருக்கும் அதே மார்க்கத்தில் 2021 ஓகஸ்ட் 10 ஆம் திகதி நடந்ததை அவனுக்குச் சொன்னேன். அப்போது இயங்கிக்கொண்டிருந்த பட்டன்வில் விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு செஸ்னா பயிற்சி விமானம், அந்தரத்தில் நின்ற ட்ரோன் ஒன்றுடன் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் பெரிய பறவையொன்று அடிபட்டதாகவே நினைத்தார்கள். இறங்கிப் பார்த்தபோது இயந்திரத்தின் முன்மூடி நசுங்கியிருந்தது. ட்ரோன் பொலிஸாருடையது, யோர்க் பிராந்தியப் பொலிஸார் ஒரு சம்பவத்தைக் கண்காணிப்பதற்காக 400 அடி உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தனர். பயிற்சி பெற்றவரின் கையில் இருந்த கருவிக்கே இந்தக் கதி.

"அப்ப நான் இனி விடக்கூடாதோ?" என்று கேட்டான். விடாதே என்று நான் சொல்லவில்லை. ஏவுவதற்கு முன் விமானப் போக்குவரத்து வரைபடத்தைப் பார், கண்ணுக்கு மறைய விடாதே, விமானச் சத்தம் கேட்டால் முதலில் கீழே இறக்கு என்றேன். பெரியப்பா பேச்சைத் தொடங்கினால் முடிக்கமாட்டார் என்பது அவன் அறிந்ததே.

அவனிடம் இருப்பது 250 கிராமுக்குக் குறைந்தது. இந்த 250 கிராம் என்ற எல்லையின் கதை தனிச் சுவாரசியம். பல நாடுகள் அந்த எடைக்கு மேற்பட்டவற்றையே பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் இயற்றின. அதன் பின்னர், 2019 இல், டீ.ஜே.ஐ நிறுவனம் 249 கிராம் எடையில் 'மவிக் மினி'யைக் கொண்டுவந்தது. துணிக்கடையில் ஒரு ரூபாயைக் குறைத்து 999 என்று விலை போடுவது நினைவுக்கு வருகிறது. அருகில் விமானம் வருவதைக் கண்டறிந்து எச்சரிக்கும் வாங்கியைத் தனது புதிய ட்ரோன்களிற் பொருத்துவதாக அந்த நிறுவனம் அதே ஆண்டில் வாக்குறுதியளித்தது, பாராட்டத்தக்க காரியந்தான். ஆனால் அந்த வாக்குறுதியும் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கே. ஆக, அதிகம் விற்பனையாகின்ற, அனுபவம் குறைந்தவர்கள் வாங்குகின்ற வகைக்கே பாதுகாப்பு ஏற்பாடுகள் மிகக் குறைவு. லொஸ் ஏஞ்சல்ஸில் தீயணைப்பு விமானத்தின் சிறகைத் துளைத்ததும் இந்த 'மினி' வகை ட்ரோன்தான்.

பூட்டை அகற்றியதற்கு நிறுவனம் கூறும் காரணங்களைப் புறந்தள்ளவும் முடியாது. பறப்பவரே பொறுப்பாளி என்பதுதான் அமெரிக்கச் சட்டம்; உற்பத்தியாளர் வேலி போடவேண்டும் என்று அங்குள்ள மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒருபோதும் கட்டளையிட்டதில்லை. ஐரோப்பிய விதிகளும் கருவி அறிவிக்க வேண்டும் என்றே கேட்கின்றன, தடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை. ட்ரோன் தன் அடையாளத்தை வானொலி அலையில் ஒலிபரப்பிக்கொண்டே பறக்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. தவறு செய்பவரைப் பிடிக்க அது போதும் என்பது வாதம். லொஸ் ஏஞ்சல்ஸில் மோதல் நடந்த அன்று பழைய வேலி அகற்றப்பட்டிருக்கவில்லை, இருந்தும் அது காப்பாற்றவில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டலாம்.

இவ்வளவும் சரி. ஆனால் பிடிப்பது ஒன்று, தடுப்பது வேறொன்று. ஒலிபரப்பும் அடையாளம், விமானம் நொறுங்கிய பின்னர் யாருடைய ட்ரோன் என்று சொல்லும். கெட்ட எண்ணத்துடன் வருபவனை இரண்டு ஏற்பாடுகளுமே தடுக்கமாட்டா. வேலியினாற் பயன்பெற்றவன் மூன்றாமவன்: தெரியாதவன். இரத்மலானைப் புகைப்படக்காரரைப் போல, என் தம்பி மகனைப் போல எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. திரையில் வரும் எச்சரிக்கைகளை வாசியாமலே 'சரி' என்று அழுத்துவதற்குப் பத்து ஆண்டுகளாகப் பழக்கப்பட்டுப்போன மனிதரிடம், இன்னுமோர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, 'சொன்னோமே' என்று நிறுவனம் கையைக் கழுவிக்கொள்கிறது. அமெரிக்காவில் சீன ட்ரோன்களைத் தடைசெய்யவேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலத்தில், அமெரிக்க வானத்தின் காவலாளியாக ஏன் நிற்கவேண்டும் என்று அந்த நிறுவனம் சிந்தித்திருந்தால் அதில் வியப்பில்லை. இது என் ஊகம் மாத்திரமே.

எனக்குச் சரியென்று படுவது இது. எங்கே பறக்கக்கூடாது என்ற பட்டியலை அரசாங்கம் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அதை எதிர்த்துக் கேள்வி கேட்கவும் வழி இருக்கவேண்டும். சதுக்கங்களும் போர்க்களங்களும் கம்பனியின் விருப்பப்படி அதில் நுழையக்கூடாது. ஆனால் ஓடுபாதைகளின் இரு முனைகளிலும் விமானங்கள் இறங்கும், ஏறும் பாதைகளிலும், கடையில் வாங்கிய கருவி தானாக எழும்பாமல் இருப்பதுதான் இயல்புநிலையாக இருக்கவேண்டும். அனுமதி உள்ளவர் திறந்துகொள்ளட்டும், மீட்புப் பணியாளருக்கு உடனடியாகத் திறக்கட்டும். 2018 இல் டீ.ஜே.ஐ நிறுவனமே பழைய வட்டங்களைக் கைவிட்டு, ஓடுபாதையின் முனைகளை ஒட்டி விரியும் கழுத்துப்பட்டி முடிச்சு வடிவில் தன் வலயங்களைத் திருத்தி வரைந்தது. தேவையான இடத்தில் மட்டும் வேலி என்ற அந்தச் சிந்தனை நல்ல சிந்தனை. ஏழு ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை.

இலங்கையில் எங்களுக்கு வேறொரு துன்பம். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்களின் பின்னர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ட்ரோன்கள் அனைத்தையும் மறு அறிவித்தல் வரை தடைசெய்தது. அந்நேரத்தில் அது விளங்கிக்கொள்ளக்கூடியதே. வன்னியில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்கள் வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்தார்கள். அந்த இரைச்சல் கேட்டால் அடுத்து எறிகணை வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் அவர்கள். அந்தப் பிரதேசங்களில் இன்றைக்கும் கோயில் திருவிழாவில் ஒரு ட்ரோன் எழும்பினால், பிள்ளைகள் கையசைக்க, முதியவர்கள் சிலர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் அந்த இடங்கள் சிவப்பாக இருக்கமாட்டா.

அமெரிக்காவில் பொழுதுபோக்காக ட்ரோன் விடுகிறவர்களுக்கென 2021 முதல் இணையத்தில் ஓர் இலவசப் பரீட்சை இருக்கிறது. தவறாக விடையளித்தாலும் சரியான விடையைக் காட்டித் திருத்திக்கொள்ள விடுவார்கள். தேர்ச்சி பெறாமற் போவது ஏறக்குறைய இயலாத காரியம். அந்தப் பரீட்சையை எழுதியிருக்கவேண்டும், அதற்கான சான்றிதழைக் கையோடு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். மோட்டாரை இயக்குவதற்கு முன்னர் அந்தச் சான்றிதழைக் கேட்கின்ற ட்ரோன் ஒன்றையும் நான் இதுவரை காணவில்லை.